கருத்து வாசல்

மாது படம் பார்க்க வந்தவன் இல்லை. அன்று மத்தியானத்துக்குள் இதை அவன் பல பேரிடம் சொன்னான். ஒருவரும் காதில் வாங்கவில்லை என்பதால் நானாவது எழுதி வைக்கிறேன்.

அவன் வந்தது போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஊர்ப் பெயரைப் போட மாட்டேன். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சந்தை, ஒரு ஸ்டேஷன், ஒரு தியேட்டர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் ரசிகர் மன்றத்தார் என் வாசலிலும் மைக்கோடு வந்து நிற்பார்கள்.

மாதுவுக்கும் அவன் சித்தப்பா மகன் பச்சியப்பனுக்கும் கிணறு பொது. மூன்று நாள் மாதுவுக்குத் தண்ணீர், அடுத்த மூன்று நாள் பச்சியப்பனுக்கு. இதற்கு முறை என்று பெயர். தாத்தா செய்துவைத்த ஏற்பாடு. தாத்தா காலத்தில் கிணற்றில் மாடு கட்டி இறைத்தார்கள். அதனால், ஒருவன் முறையில் நாள் பூராவும் கரண்ட் இல்லாமல் போனால் அந்த நாள் அவனுக்குப் போனது போனதுதானா, அடுத்தவன் முறையில் கழித்துக்கொள்ளலாமா என்பதைச் சொல்லாமலே அவர் செத்துப்போனார்.

போன வாரம் மாதுவின் கடைசி நாளில் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் அவன் மோட்டாரைப் போட்டான். பச்சியப்பன் வந்து நிறுத்தினான். மாது போட்டான். பச்சியப்பன் நிறுத்தினான். மோட்டார் கெட்டுவிடும் என்ற கவலை இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததால் மோட்டாரை விட்டுவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். பச்சியப்பனுக்குச் சட்டை கிழிந்தது. மாதுவுக்கு உதடு கிழிந்தது. இரண்டு பேரும் புகார் கொடுக்கக் கிளம்பினார்கள். அவர்கள் கிராமத்திலிருந்து அங்கே போக இருப்பது ஒரே பஸ். அதில் இரண்டு பேர் உட்காரும் ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். சில்லறை இல்லாத பச்சியப்பனுக்கும் சேர்த்து மாதுதான் டிக்கெட் எடுத்தான்.

எஸ்.எஸ்.ஐ. பெரியண்ணன் நேரில் வந்து மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. பேசி முடிச்சா சாவி. யாராச்சும் வரலன்னா, நான் சனிக்கிழமை திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருவேன். சாவியும் எங்கூட சாமி கும்புட வரும்" என்றார்.

இரண்டு காட்டிலும் தக்காளி. பூ கழிந்து பிஞ்சு பிடித்திருந்தது. இந்த வெயிலில் இன்னும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் பாலக்கோட்டு மண்டிக்குப் போக வேண்டியது ஆட்டு வாய்க்குப் போய்விடும்.

"நீ ஒண்ணும் பேசாத. அவன் என்ன சொன்னாலும் சரின்னு தலைய ஆட்டிட்டு சாவிய வாங்கிட்டு வூடு வந்து சேரு" என்று அவன் மனைவி ராமக்காள் சொல்லி அனுப்பினாள். நல்ல யோசனை. அதைச் செய்ய மாதுவுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் அவனைக் காலையிலேயே இறக்கிவிட்டுவிட்டது. இரண்டு மணி வரை போக இடமில்லை. பஸ் ஸ்டாண்டில் தகரக் கூரை. அதன் அடியில் நிற்பதும் தோசைக்கல்லில் நிற்பதும் ஒன்று. அப்போது வெள்ளைச் சட்டை போட்டு, சட்டைப்பையில் ஒரு நடிகரின் படத்தைக் குத்தியிருந்த ஒருவர் வந்து, "சார், படம் பாக்கறீங்களா? டிக்கெட் ஃப்ரீ. ஃபுல் ஏ.சி." என்றார்.

நாற்பத்தாறு வயதில் மாதுவை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மன்றத்தில் அண்ணன் என்றால் ஒருவர்தான், அவர் திரையில் இருப்பவர், மற்ற ஆண்கள் அனைவரும் சார் என்பது அவனுக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

படத்தின் பெயர் 'மிச்சம் ஒருத்தன்'. முதல் நாள் முதல் காட்சி. தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகையை முந்தின நாளே மாட்டிவிட்டார்கள். பலகைக்கு ஏற்ற ஆட்களைப் பிடிக்கும் வேலைதான் காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நடந்துகொண்டிருந்தது.

வாசலில் அண்ணனின் கட்அவுட். பனைமரத்தின் உயரம். பால் ஊற்றி அடியெல்லாம் சேறாகிக் கிடந்தது. அந்த இடத்தில் செருப்புப் போடக் கூடாது என்று ஒருவர் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டார். படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துவிடுவார்கள் என்று இன்னொருவர் செல்போனை வாங்கிப் பையில் போட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டோக்கன்.

கட்அவுட்டின் காலடியில் ஒரு கருப்புக் கிடா மாலையோடு நின்றிருந்தது. ஒருவன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அரிவாளோடு காத்திருந்தான். கோயிலில் கிடாவை வெட்டுமுன் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அது சம்மதம் தந்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டை எந்தக் கோயிலிலும் வெட்ட மாட்டார்கள். மன்றமும் முறைப்படி நடப்பதுதான். ஆனால் அந்தக் கிடா சிலுப்பவில்லை. தண்ணீர் காதிலிருந்து சொட்ட, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

படத்தின் கதை இது. அண்ணனின் அப்பாவை வாரச்சந்தையில் ஒருவன் கன்னத்தில் அறைந்துவிடுகிறான். அண்ணன் அவனை வெட்டுகிறார். பிறகு அவன் தம்பிகளை. பிறகு அறையும்போது பக்கத்தில் நின்றவர்களை. பிறகு சந்தைக்கு அன்றைக்கு வந்தவர்களை. கடைசியில் ஒருவன் மட்டும் தப்பி வெளிநாடு போகிறான். அவனுக்காக இரண்டாம் பாகம். ஒவ்வொருவரும் விழும்போது அண்ணன் மெதுவாக நடந்து வருவார். அவர் மெதுவாக நடப்பதே படத்தில் முக்கால் மணி நேரம் இருக்கும். வெட்டு விழும்போதெல்லாம் மாதுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் விசிலடித்தார்கள். மாது கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்து, குளிரை அனுபவித்துக்கொண்டு, அந்த அப்பாவைப் பற்றி யோசித்தான். அவர் படம் முழுக்க உயிரோடுதான் இருந்தார். ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. பக்கவாட்டுக் கதவுகள் திறக்கவில்லை. பின்கதவில் சங்கிலி. முன்பக்கம் ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. அதன் மேல் புதுத் துணியில் 'கருத்து வாசல்' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. வாசலுக்கு அப்பால் வெளிச்சம், கேமரா, மைக் பிடித்த ஒரு பெண்.

ஒரு ஸ்டூலின் மேல் காலையில் டிக்கெட் கொடுத்த வெள்ளைச் சட்டைக்காரர் ஏறினார். பெயர் அருள்குமார். மன்றத்தின் கருத்து அணி மாவட்ட ஒருங்கிணைப்பாளர்.

"பார்வையாளர்கள் அத்தன பேருக்கும் வணக்கம்ங்க. உங்க கருத்த நாங்க உசுரா மதிக்கறோம். மதிக்கறதுனாலதான் கதவ சாத்தியிருக்கோம். போன படத்துல என்ன ஆச்சு? அவங்கவங்க மனசுல பட்டதச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. மூணாம் நாள் படத்தத் தூக்கிட்டாங்க. மனசுல படறதெல்லாம் கருத்து ஆயிருமா சார்? கருத்துங்கறது ஒரு பொறுப்பு. அந்தப் பொறுப்ப உங்க தலைல போட எங்களுக்கு மனசில்ல. அதனால கருத்த நாங்களே தயார் பண்ணி வெச்சிருக்கோம். நீங்க சுதந்திரமா சொன்னாப் போதும்."

கைதட்டினார்கள். மாதுவும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் தன்னைப் பார்ப்பார்கள் என்று தட்டினான்.

அவனுக்கு முன்னால் பூக்காரி தங்கம்மாள் நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள். குடும்பக் கருத்து அவளுடையது. மைக் வந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கொழந்த குட்டியோட, குடும்பத்தோட வந்து பாக்கலாம்ங்க. அவ்ளோ நல்லா இருக்குது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். எத்தனை தலை உருண்டாலும் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சொல்வதற்கு மன்றம் அவளைத்தான் வைத்திருந்தது. டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொண்டு திரும்பி, "கேக்கறதச் சொல்லிட்டுக் கெளம்பு சாமி. இவங்களாண்ட யோசிச்சா நேரந்தான் போவும்" என்று மாதுவுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவனுக்குக் கிடைத்த நல்ல ஆலோசனை அதுவும் ராமக்காள் சொன்னதும்தான்.

மைக் பிடித்த பெண் ஜாஸ்மின். யூடியூப் சேனல்காரி. முகத்தில் சிரிப்பு, கண்ணில் தூக்கம். "சொல்லுங்கண்ணா, படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா குளிரா இருந்துச்சுங்க" என்றான் மாது.

"படம்ணா."

"படமும் குளிராத்தான் இருந்துச்சு."

அருள்குமார் கையைத் தூக்கினார். கேமரா நின்றது. மாதுவைத் தோளில் தட்டி, பதற்றப்பட வேண்டாம், முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லி, கேன்டீன் பக்கம் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

பயிற்சியில் மூன்று பிரிவு. சத்தக் கருத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மாதுவுக்கு உதடு கிழிந்திருந்ததால் வாய் திறக்கவில்லை. கண்ணீர்க் கருத்தில் கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவினார்கள். மாது தைலத்துக்குப் பழகியவன். கண்ணீர் வராமல் நெஞ்சுச் சளிதான் இளகியது. மூன்றாவது, புல்லரிப்புக் கருத்து. அதில் பேச்சே கிடையாது. முழங்கையைக் கேமராவுக்குக் காட்டி "பாருங்க" என்றால் போதும். ரோமம் நிற்க வேண்டும். அதற்காக சோடாப் பெட்டியிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்து அவன் கையில் தேய்த்தார்கள். இருபத்தைந்து வருடம் வெயிலில் காய்ந்த கை. பனிக்கட்டி கரைந்தது. ரோமம் ஒன்றும் எழுந்திருக்கவில்லை.

"என்னா சார், உணர்ச்சியே இல்லையே உங்களுக்கு?" என்றார் பயிற்சியாளர்.

"வயக்காட்டு வேலைங்க" என்று மாது மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான்.

மறுபடி வரிசை. மறுபடி மைக். இந்த முறை தங்கம்மாள் சொன்னதை நினைத்து, கேட்டதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தான். ஆனால் ஜாஸ்மின் அவனிடம், "படத்துல உங்க மனசத் தொட்ட விஷயம் என்னண்ணா?" என்று கேட்டுவிட்டாள். அவன் மனதை ஒரு விஷயம் உண்மையிலேயே தொட்டிருந்தது.

"அந்த அப்பாருங்க. சந்தைல அடி வாங்கினாரே, அவரு. மனுசன் உசுரோடதான் இருக்கறாரு. ரெண்டு நாள் போனா அவரே அடிச்சவன்கூட டீ குடிச்சிட்டுப் பேசியிருப்பாருங்க. எங்கூர்ல அப்படித்தான் ஆவும். இவரு அதுக்குள்ள அத்தன பேர வெட்டிட்டாரு. நாளைக்கு அப்பாரு சந்தைக்குப் போனா யாரோட பேசுவாரு?"

விசிலடித்தவர்கள் விசிலை நிறுத்தினார்கள். ஜாஸ்மின் கண்ணில் இருந்த தூக்கம் போனது. அருள்குமார் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார். கோபமாக இல்லை. பயந்துபோயிருந்தார்.

"பேசிட்டா படம் ஏது சார்? யோசிச்சுப் பேசுங்க. பேசித் தீத்துக்கலாம்னு ஒரு வழி இருக்கறது சனங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் தியேட்டருக்கு வருவான்? எங்க பசங்கல்லாம் எங்க போவானுங்க?"

மாதுவைத் தியேட்டர் மேனேஜர் அறைக்கு அழைத்துப்போனார்கள். விசாரணைக் குழு கூடியது. தலைமை அருள்குமார். முன்மொழிந்தவர் பயிற்சியாளர். கதவருகே இரண்டு பேர்.

"நேராவே கேக்கறேன். நீங்க எந்த மன்றம்?"

"மன்றம்லாம் இல்லீங்க. பால் சங்கத்துல உறுப்பினர்."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பால் சங்கம்னா எந்த நடிகரோடது?" என்று பயிற்சியாளர் தணிந்த குரலில் கேட்டார்.

"மாட்டோடதுங்க."

இது திமிர் என்று பதிவானது. அருள்குமார் எழுந்து நின்றார். "உண்மையப் பேசறவங்க மேல எனக்கு மரியாத உண்டு சார். எங்கப்பாவும் உண்மைதான் பேசுவாரு. அவரு வூட்டுக்குள்ள பேசுவாரு. மைக் முன்னாடி பேசறது பெரிய குத்தம். நான் இந்தப் பதவிக்கு வந்து ஆறு வருசம். இன்னைக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு கருத்து இருந்ததில்ல. அதனாலதான் என்னய மாவட்டத்துக்குப் போட்டாங்க."

சுவரில் கடிகாரம். ஒன்றரை தாண்டியிருந்தது. வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது, காலில் செருப்பில்லை, கையில் போன் இல்லை, கதவருகே ஆட்கள். மாது கை கூப்பினான்.

"ஐயா, என்னிய வுட்ருங்க. ரெண்டு மணிக்கு நான் ஸ்டேஷன்ல இருக்கணும். இல்லன்னா செடி செத்துரும்."

"ஸ்டேஷன்லயா? எதுக்கு?"

சொன்னான். கிணறு, முறை, கரண்ட் போன நாள், பங்காளி, சட்டை, உதடு, சாவி. மைக்கோடு வாசலில் சாய்ந்து நின்றிருந்த ஜாஸ்மின்தான் முதலில் பேசினாள்.

"அருள் சார், இத வெச்சுக்கிட்டா ஐஸ் தேய்ச்சிட்டு இருக்கீங்க?"

பங்காளிப் பகை உள்ள ஒரு நிஜ மனிதன். உதட்டில் நிஜக் காயம். மாவட்டத்தில் வேறெந்த ஊருக்கும் கிடைக்காத கருத்து. அருள்குமார் உடனே ஒரு தாளில் எழுதி, வாசித்தும் காட்டினார். 'எனக்கும் ஒரு பங்காளி இருக்கான். ஒரே கிணறு. இந்தப் படம் பார்த்தப்புறந்தான் பங்காளிய என்ன பண்ணணும்னு தெரிஞ்சுது. வெட்டுனா அண்ணன் மாதிரி வெட்டணும்.'

"இத நான் சொல்ல மாட்டேங்க" என்றான் மாது. "அவன் என் சித்தப்பா மவன்."

"பேரு சொல்லப்போறதில்லயே சார். ஊர் சொல்லப்போறதில்ல. இது கருத்து. கருத்துக்கும் நெசத்துக்கும் என்ன சம்பந்தம்? அவரே பாத்தாலும் கைதட்டுவாரு."

"மாட்டேங்க."

"சரி, உங்க இஷ்டம். இங்க கட்டாயம் கெடையாது. அடுத்த ஷோ முடிஞ்சு பேசிக்கலாம்" என்று அருள்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாது கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தாளை வாங்கினான்.

கட்அவுட்டுக்கும் கிடாவுக்கும் முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். முதல் முறை தாளைப் பார்த்து வாசித்தான், வேண்டாம் என்றார்கள். அடுத்த முறை 'தெரிஞ்சுது' என்பதற்குப் பதில் 'தெரிஞ்சுதுங்க' என்று மரியாதை வந்துவிட்டது. அதற்கடுத்த முறை கிடா கத்தியது. வெறுங்கால் சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நின்றதில் ஆவேசம் வந்தது போல இருந்தது, ஆனால் முகத்தில் வரவில்லை என்றாள் ஜாஸ்மின். "ஒரே ஒரு தடவ, மனசுல இருந்து சொல்லுங்கண்ணா. உங்களுக்குக் கோவம் வந்ததே இல்லியா?"

மாது அருள்குமாரைப் பார்த்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத அந்த வெள்ளைச் சட்டை, அவருக்குப் பின்னால் தன் செருப்பு மாட்டியிருந்த ஆணி, பக்கத்தில் ஐஸ் தேய்த்த பயிற்சியாளரின் கை. அப்படியே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சொன்னான். உதடு மறுபடி பிளந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கியது.

கூட்டம் கத்தியது. ஜாஸ்மினுக்கு உண்மையிலேயே புல்லரித்தது, கையைப் பார்த்துக்கொண்டாள். அருள்குமார் கண் கலங்கி மாதுவைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கு அந்தத் தியேட்டரில் பழிவாங்கும் வெறி இருந்த ஒரே பார்வையாளன் மாதுதான். அது யார் மேல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செருப்பு வந்தது. போன் வந்தது. போகும்போது திரும்பிப் பார்த்தான். கிடாவின் தலையில் இன்னொரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தார்கள். அது சிலுப்பவில்லை.

ஓடினான். ஸ்டேஷன் தியேட்டரிலிருந்து நான்கு தெரு. ஆனால் அவன் கருத்துக்குக் கால் தேவையில்லாததால் அது முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மன்றத்தின் குரூப்பிலிருந்து ஊர்க் குரூப்புக்கு, ஊர்க் குரூப்பிலிருந்து பச்சியப்பனுக்கு.

மாது உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருந்த பச்சியப்பன் எழுந்து நின்றான். கையில் போன். பிறந்ததிலிருந்து மாதுவை 'வா, போ' என்று கூப்பிட்டவன், "நீங்க உக்காருங்கண்ணா" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டான்.

"பச்சியப்பா, அத நம்பாத. அவங்க செருப்ப வாங்கி வெச்சுக்கிட்டு..."

"சரிங்கண்ணா."

"நான் அவனப் பாத்துத்தான் சொன்னன், உன்னய நெனச்சு இல்ல."

"சரிங்கண்ணா."

பெரியண்ணன் மேஜைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். அவரும் பார்த்திருந்தார். "பைசல் முடிஞ்சுதுய்யா. பச்சியப்பன் முழுசா வுட்டுக்குடுத்துட்டாரு. ஆறு நாளும் உன் முறை. இந்தா சாவி."

"எனக்கு மூணு நாள் போதுங்கய்யா. அந்தக் கரண்ட் போன நாளும் வேணாம். அவனுக்கும் தக்காளி இருக்குது."

"குடுக்கறத வாங்க மாட்டியா?"

"ஐயா, அது கருத்துங்க. அவங்க எழுதிக் குடுத்தது."

"கருத்துக்கெல்லாம் நாங்க கேஸ் போடறதில்ல, பயப்படாத" என்றார் பெரியண்ணன். "அதுல பேரும் இல்ல, ஊரும் இல்ல, கைல அருவாளும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றன். நானும் சர்வீஸ்ல சேந்ததுல இருந்து ரெண்டு பக்கத்தையும் உக்கார வெச்சு நியாயம் பேசறன். நான் பண்ணின ஒரு பைசலும் ரெண்டு மாசம் நின்னதில்ல. நீ அர நிமிசம் பேசின. முடிஞ்சுபோச்சு. இனிமே தகராறுன்னு எவன் வந்தாலும் தியேட்டருக்கே அனுப்பிரலாமான்னு பாக்கறன். ஆமா, ரெண்டாவது பாட்டு நல்லாருக்குன்றாங்களே, நெசமா?"

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். இருந்தும் மாதுவுக்குப் பக்கத்து இருக்கை ஊர் வரை காலியாகவே வந்தது. பச்சியப்பன் பின்பக்கப் படியில் தொங்கிக்கொண்டு வந்தான்.

சாவியை வாங்கிய ராமக்காள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரின்னு தலைய ஆட்டிட்டு வான்னுதான சொன்னன்? ஊரே பாத்துட்டு என்னய வந்து துக்கம் விசாரிக்குது. எப்ப போறன்னு கேக்கறாங்க."

"எங்க?"

"ஜெயிலுக்கு."

தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்தது. மாதுவின் செடி நிமிர்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சியப்பன் செடியில் இலை சுருண்டது. டீக்கடையில் மாது போனால் பேச்சு நின்றது. அவனுக்கு மட்டும் டீ முதலில் வந்தது. பால் சங்கத்தில் அவன் பாலை அளக்கும்போது கூடக்கொஞ்சம் எழுதினார்கள். சரியாக எழுதச் சொன்னான். சரி என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள்.

மூன்றாம் நாள் மாலை பச்சியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே பிள்ளைகளை இழுத்துக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பச்சியப்பன் மட்டும் வெளியே வந்தான்.

"நாளைக்கு உன் முறை. காலைல வந்து மோட்டாரப் போட்டுக்க."

"வேணாங்கண்ணா. இருக்கட்டும்."

"செடி சாவுது, கண்ணு தெரியலயா உனக்கு?"

அவன் குரல் உயர்ந்ததும் பச்சியப்பன் ஒரு அடி பின்னால் வைத்தான். "செடி போனாப் போவுதுங்கண்ணா. புள்ளைங்க சின்னப் புள்ளைங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் மாது தியேட்டருக்குப் போனான். இந்த முறை அவனாகவே கருத்து வாசலில் நின்றான். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அருள்குமார் ஓடிவந்து சால்வை போர்த்தினார். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொன்னது பொய் என்று நானே ஒரு கருத்து சொல்கிறேன் என்று மாது சொன்னான்.

"மாவட்டத்துலயே முதல் கருத்து சார் அது. அத எடுக்கற அதிகாரம் எனக்கு இல்ல, மேலிடத்துல கேக்கணும். மறுப்புக் கருத்து சொல்லணும்னா இந்தப் படத்துல அதுக்கு எடமில்ல. ரெண்டாம் பாகம் வரட்டும். அதுல யாரோ மன்னிக்கற மாதிரி ஒரு சீன் இருக்குதுன்னு பேச்சு. அப்ப மொத ஆளா உங்களக் கூப்புடறன்."

கட்அவுட்டுக்குக் கீழே கிடா இன்னும் கட்டியிருந்தது. மாலை காய்ந்துபோயிருந்தது. சம்மதம் தராததால் வெட்டவும் முடியவில்லை, அண்ணனுக்கு நேர்ந்துவிட்டதால் அவிழ்த்துவிடவும் முடியவில்லை. தினமும் காட்சிக்கு முன் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதாகவும், தழை வாங்கிப் போட்டே மன்றத்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்றும் அருள்குமார் வருத்தப்பட்டார்.

ஊர் திரும்பியதும் மாது வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போனான். கரண்ட் இருந்தது. அன்று பச்சியப்பன் முறை. மோட்டாரைப் போட்டான். தன் வாய்க்காலை மண் வெட்டி அடைத்தான். பச்சியப்பன் பக்கத்து மடையைத் திறந்துவிட்டான். வாங்காவிட்டால் போகட்டும், தண்ணீர் யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை என்று நினைத்தான். அந்த வாரத்தில் அவனாக யோசித்துச் செய்த ஒரே காரியம் இது.

தண்ணீர் போகும் சத்தம் கேட்டுப் பச்சியப்பன் ஓடிவந்தான். மடைக்கு அந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டான். மாதுவின் தோளில் அருள்குமார் போர்த்திய சால்வை இன்னும் கிடந்தது. கையில் சேறு வழியும் மண்வெட்டி. அவனிடமிருந்து புறப்பட்ட தண்ணீர் வாய்க்காலில் வந்து, சுருண்ட செடிகளைக் கடந்து, பச்சியப்பனின் பாதத்தை நனைத்தது.

பச்சியப்பன் அந்த வீடியோவைப் பல முறை பார்த்திருந்தான். அதில் மாதுவுக்குப் பின்னால் ஒரு கிடா நிற்கும். அதன் தலையில் ஒருவன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான். எதற்குத் தெளிக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பச்சியப்பா" என்று மாது வரப்பிலிருந்து கூப்பிட்டான். முடிந்த அளவு அன்பாகத்தான் கூப்பிட்டான். "தண்ணி போதுமா? இன்னும் வுடட்டுமா?"

பச்சியப்பன் போதும் என்று தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் ஆட்டவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறியது. பிடரியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவன் அதைக்கூட விரட்டாமல், உடம்பில் ஒரு இடமும் அசைந்துவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.